பழைய புல்லட் இன்ஜினில் உடைந்த ஸ்குரூவை வெளியே எடுப்பது எப்படி?

ஸ்குரூ உடைவதற்கு ஒரு நொடி முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அதுவரை கல்லாக இறுகிக் கிடந்தது சட்டென்று இளகும். கழன்றுவிட்டது என்று மனம் ஒரு கணம் குளிரும். ஆனால் உண்மையாகக் கழலும்போது வருகிற ‘டக்’ என்ற சத்தம் வராது. மெழுகை முறுக்குவது போல வழவழவென்று கால் சுற்று போகும். அப்புறம் தலை மட்டும் கையோடு வந்துவிடும். மீதி உள்ளே.

பழைய இன்ஜின் பிரிக்கிற யாருக்கும் இது ஒருநாள் நடக்கும். முதல்முறை நடக்கும்போது எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது என்பதை எழுதுகிறேன். எனக்கு நன்றாகப் பழகிய வண்டியையே எடுத்துக்கொள்கிறேன்: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. பெயர்தான் காஸ்ட் அயர்ன். பிஸ்டன் ஓடுகிற போர் மட்டும் வார்ப்பிரும்பு. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸும் அதன் பக்கத்தை மூடுகிற டைமிங் கவரும் அலுமினியம். வலது பக்கத்து டைமிங் கவரைக் கழற்றும்போது ஒரு ஸ்குரூ கிராங்க் கேஸுக்குள் உடைந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 எதுவானாலும் முறை இதுதான். மரை (ஸ்குரூவின் திருகுவரி) அளவுதான் மாறும்.

முதலில் கையை எடுங்கள்

உடைந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் செய்கிற வேலைதான் பெரும்பாலும் கேஸைக் கெடுக்கிறது. உளியை வைத்து அடிப்பது, கைக்குக் கிடைத்த டிரில் பிட்டைப் போட்டு ஓட்டுவது. இரண்டும் வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உடைந்த ஸ்குரூவின் விலை சில ரூபாய். அது நிற்கிற கிராங்க் கேஸ் அப்படியில்லை. அதன் இரண்டு பாதிகளும் ஜோடியாக வைத்துக் கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் இரண்டு பக்கத்து பேரிங்கும் நேர்கோட்டில் உட்காரும் என்று சொல்ல முடியாது. அதோடு, இன்ஜின் எண் அடித்திருப்பதும் அதன் மேல்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எண் அது. கேஸை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போக வேண்டும். ஆகவே இனிமேல் செய்கிற எல்லா வேலையிலும் ஸ்குரூ என்ன ஆனாலும் சரி, அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

ஏன் உடைந்தது?

கையில் வந்த தலையைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் பார்த்தால் உள்ளே மிச்சமிருப்பது எப்படி நிற்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இறுக்கும்போது உடைந்திருந்தால் நல்ல சேதி. ஸ்குரூவை இழுத்துப் பிடித்திருந்த விசை தலையோடு போய்விட்டது. உள்ளே இருக்கிற துண்டு பெரும்பாலும் லேசாகத்தான் நிற்கும். கூரான ஸ்கிரைபரை அதன் ஓரத்தில் வைத்து, கழலும் திசையில் மெல்லத் தட்டினாலே சுற்றிக்கொண்டு வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறு எதையும் தொடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

கழற்றும்போது உடைந்திருந்தால் கதை வேறு. எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கிற இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். இடம் இல்லாத மரைக்குள் அது ஆப்பு அடித்தது போல இறுகிவிடுகிறது. கடற்கரை ஊரில் உப்புக்காற்றில் நின்ற வண்டியில் இது இன்னும் மோசம். உடைந்த தலையின் கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் நிதானமாக இரண்டு மூன்று நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் நம் புல்லட்டுக்கே உரியது: மரை மாறிப்போன ஸ்குரூ. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் வரைந்த வண்டியைத்தான் இங்கே செய்யத் தொடங்கினார்கள். வரைபடத்தோடு அங்குல மரைகளும் வந்தன. பிற்பாடு மெட்ரிக் மரைகளும் கலந்தன. ஒரே இன்ஜினில் பி.எஸ்.எஃப். (நெருக்கமான பிரிட்டிஷ் அங்குல மரை), சைக்கிள் மரை (இன்னொரு பிரிட்டிஷ் அங்குல மரை), மெட்ரிக் மூன்றும் இருக்கலாம்.

வம்பு எங்கே வருகிறது என்றால், இவை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 1/4 அங்குல பி.எஸ்.எஃப். மரைக்கு ஓர் அங்குலத்தில் 26 சுற்று. மெட்ரிக்கில் எம்6 போல்ட்டுக்கு 25.4. கையால் திருகினால் எம்6 உள்ளே போய்விடும். ஆனால் அது 6 மி.மீ., துளை 6.35 மி.மீ. போல்ட்டுக்கு. தொளதொளவென்று நின்று, இறுக்கும்போது அலுமினிய மரையை வழித்துவிடும். 5/16 அங்குலத்தில் இதற்கு நேர் எதிர். 5/16 என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8. பார்வைக்கு ஒன்றே. ஆனால் பி.எஸ்.எஃப். மரை அங்குலத்துக்கு 22, எம்8 மரை சுமார் 20. இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போய் அப்புறம் கடிக்கும். கடிக்கிறதே என்று ஸ்பானர் போட்டு ஏற்றினால் அடுத்தமுறை கழற்றுகிறவர் கையில் உடையும். நாற்பது வருடத்து வண்டியில் இப்படி யாரோ எப்போதோ ஏற்றிய ஸ்குரூ ஒன்றாவது இருக்கும். மரை கேஜ் (மரையோடு பொருத்திப் பார்க்கிற பல் வைத்த தகடுகள்) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்குலம், மெட்ரிக் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். 1/4 அங்குலத்தில் பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை இரண்டுக்குமே 26 சுற்றுதான், கோணம் மட்டும் 55 பாகை, 60 பாகை என்று மாறும். வெளிச்சத்துக்கு எதிராகக் கேஜை வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும்.

இன்னொன்று. டைமிங் கவரைத் திறந்தபிறகு கிராங்க் முனையில் ஆயில் பம்பைச் சுற்றுகிற வார்ம் நட்டு இருக்கும். அது இடது மரை. வழக்கமான திசையில் கழற்றப் போனால் இறுகிக்கொண்டேதான் போகும். கம்பி நீட்டி அழுத்தும் முன் திசையை ஒருமுறை யோசியுங்கள்.

ஊறட்டும்

உடைந்த துண்டைச் சுற்றிப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கை எடுங்கள். பிறகு ஊடுருவும் எண்ணெய் ஏதாவது இரண்டு சொட்டு. கடையில் கிடைப்பதும் சரி. அசிட்டோனும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுவது) சம அளவில் கலந்து பலர் பயன்படுத்துகிறார்கள், நானும்தான், நன்றாக இறங்கும். அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்டையும் கரைக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் கூடாது.

எண்ணெய் விட்டபிறகு துண்டின் தலையில் பித்தளைக் கம்பியை வைத்துச் சின்ன சுத்தியலால் பத்து இருபது முறை லொட்டு லொட்டென்று தட்டுங்கள். பலமாக அடிக்க வேண்டியதில்லை. அந்த அதிர்வுதான் வெள்ளைப் பொடியில் விரிசல் விட்டு எண்ணெயை உள்ளே விடும். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, இரண்டு நாள்.

கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்

மேலே 5 மி.மீ.க்கு மேல் தெரிந்தால் பாதி கவலை விட்டது. வைஸ் கிரிப்பை இறுகப் பூட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, பிறகு கழலும் திசையில், மறுபடி இறுக்கும் திசையில். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் மறுபடி உடையும், அதுவும் இந்தமுறை மட்டத்தோடு. ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மாதிரி மரையே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்பலாம்.

வெல்டிங் செய்யத் தெரிந்த நல்ல ஆள் பக்கத்தில் இருந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் ஒரு வாஷர், அதன்மேல் ஒரு நட்டு வைத்து, நட்டின் நடுத்துளைக்குள் வெல்டு நிரப்பச் சொல்லுங்கள். எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் பயமில்லை. பிடிக்க ஒரு தலை கிடைக்கிறது என்பதைவிட, துண்டு உள்ளேயிருந்தே பழுக்கக் காய்ந்து, விரிந்து, சுருங்குவதுதான் இதில் பெரிய லாபம். எர்த் கிளிப்பை அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே கேஸில் மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைப் பொத்துவிடும். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். வெல்டு சிவப்பு அடங்கியதும் ஒரு மெழுகுவத்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பிறகு ஸ்பானர் போட்டு, அதே முன்னும் பின்னும்.

சூடு

அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கால் அங்குலத் துளையைச் சுமார் 140 பாகை செல்சியஸுக்குக் கொண்டுபோனால் துளைக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது போதும், பிடிப்பு விட்டுவிடும்.

சூடு காட்டும் முன் ஆயிலை முழுக்க வடித்து, பெட்ரோலில் கழுவியிருந்தால் நன்றாகக் காயவிட்டு, ரப்பர் சீல்களை எடுத்துவிடுங்கள். கை டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஸ்குரூவைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஓட்டுங்கள். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்துவிடும்.

சூடு சரியா என்று பார்க்க நம் வீட்டுத் தோசைக்கல் முறைதான். விரலில் தண்ணீர் தொட்டுச் சுண்டுங்கள். ‘சுர்’ என்று பட்ட இடத்திலேயே ஆவியானால் சரியான பதம். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் 200 பாகையை நெருங்கிவிட்டது, டார்ச்சை எடுத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் விட்டு, மறுபடி. மூன்று தடவையில் அசையாதது அபூர்வம்.

மட்டத்தில் உடைந்திருந்தால்: எல்லாம் நடுப்புள்ளியில்

பிடிக்க ஒன்றுமே இல்லாமல் மட்டத்தோடு உடைந்திருந்தால் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். அலுமினியம் மெத்து, எஃகு கெட்டி. பிட் எப்போதும் சுலபமான பக்கம் சாயப் பார்க்கும். நடுவிலிருந்து அரை மில்லி தள்ளித் தொடங்கினால் ஆழம் போகப் போக அலுமினியத்துக்குள் நழுவி மரையைத் தின்றுவிடும்.

சென்டர் பஞ்சை வைத்துக் கண்ணளவில் அடிக்கலாம் என்று தோன்றும். உடைந்த முகம் சரிவாக, பல் பல்லாக இருக்கும். பஞ்சின் முனை அந்தச் சரிவில் வழுக்கும். நான் பழகிய லேத் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். முதல்முறை கேஸைத் தூக்கிக்கொண்டு போனபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ண நம்பாத. அந்தக் கவர எடுத்துட்டு வா” என்றார். அவர் செய்து காட்டியதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

டைமிங் கவரில் அந்த ஸ்குரூ நுழைகிற துளை இருக்கிறது அல்லவா? அந்தத் துளைக்குள் ஆட்டமில்லாமல் உட்காருகிற மாதிரி எஃகில் ஒரு சின்ன புஷ் (குழல்) கடையச் சொல்லுங்கள். மேலே ஒரு தொப்பி விளிம்பு, உள்ளே விழாமல் இருக்க. நடுவில் 3 மி.மீ. துளை. கவரைக் கேஸில் வைத்து மற்ற ஸ்குரூகளைக் கையால் இறுக்கிவிட்டு, புஷ்ஷைச் செருகி, அதன் வழியாக 3 மி.மீ. பிட்டை இறக்கினால் அது நடுவில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் ஒரு சின்னக் குழி மட்டும் விழட்டும். கவரைக் கழற்றி, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் எஃகு ஒரே அகலத்தில் தெரிகிறதா? தெரிந்தால் மறுபடி கவரை மாட்டித் தொடருங்கள். லேத்தில் அரைமணி நேர வேலை. இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

துண்டு மட்டத்துக்குக் கீழே, துளைக்குள் ஆழமாக நின்றால் இன்னும் நல்லது. மேலே காலியாக இருக்கிற மரையே உங்களுக்கு வழிகாட்டி. அதே மரையுள்ள நல்ல ஸ்குரூ ஒன்றை லேத்தில் பிடித்து நடுவில் நெடுக 3 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். அதை உடைந்த துண்டின்மேல் போய் முட்டும்வரை திருகி, அதன் வழியாகப் பிட்டை இறக்குங்கள். இதைவிடத் துல்லியமான நடுவை யாரும் கையால் குறிக்க முடியாது.

இடது பிட்

முடிந்தால் சாதாரண பிட் வேண்டாம். இடது பக்கம் சுற்றுகிற டிரில் பிட் வாங்குங்கள். கருவிக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள், இணையத்திலும் கிடைக்கிறது. டிரில்லை ரிவர்சில் ஓட்ட வேண்டும். சாதாரண பிட் துளைக்கத் துளைக்கத் துண்டை இன்னும் உள்ளே இறுக்கும். இடது பிட் கழற்றும் திசையில் சுற்றுகிறது. துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருகட்டத்தில் பிட் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் துண்டையே பிடித்துக்கொள்ளும், துண்டு சுற்றிக்கொண்டே மேலே ஏறி வரும். அந்தக் காட்சியைப் பார்க்கிறபோது வருகிற நிம்மதி தனி. முந்தின நாள் சூடு காட்டி எண்ணெய் விட்டதன் பலன் இங்கேதான் கிடைக்கும்.

துளைக்கும் முன் மூன்று ஏற்பாடு. ஆழம்: பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி அளந்து, அதைவிடக் குறைவாகப் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். துளையின் அடியைப் பொத்திக்கொண்டு போனால் கேஸே வீண். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே அதற்கு அறை இருக்கிறது. நேர்: கேஸை டிரில்லிங் மிஷின் மேசையில் கட்டிவைத்துச் செய்வதே உத்தமம். கையால் பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவர் பக்கவாட்டில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே “இடம், வலம்” சொல்லட்டும். துகள்: ஆயில் வழிகள் எல்லாவற்றையும் பஞ்சில்லாத துணியால் அடையுங்கள். பிட்டில் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

வேகம் குறைவாக, கட்டிங் ஆயில் விட்டு, அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் துடைத்து. 3 மி.மீ. முடிந்தால் 4, அப்புறம் 4.5, கடைசியில் 5. அதற்குள் எங்காவது துண்டு கழன்றுவிடும் என்பது என் அனுபவம். கழலவில்லையென்றாலும் பயமில்லை. 1/4 பி.எஸ்.எஃப். மரையின் அடிவிட்டம் 5.1 மி.மீ. துளை நடுவில் இருந்தால், 5 மி.மீ. பிட் போனபிறகு மிஞ்சுவது மரையின் பள்ளத்தில் கிடக்கிற சன்னமான கம்பிச் சுருள் மட்டும்தான். ஸ்கிரைபர் முனையால் அதன் நுனியைக் கிளப்பி, மூக்கு நீண்ட பிளையரால் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி உருவிக்கொண்டு வரும்.

ஈஸி அவுட் பற்றி

உடைந்த போல்ட் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ஈஸி அவுட். துண்டில் துளை போட்டு, அதற்குள் கழலும் திசையில் திருகி இறக்கித் துண்டைக் கழற்றுகிற கருவி. என் கருத்தில் கால் அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள ஸ்குரூவுக்கு அதைத் தொடவே கூடாது. கூம்பு வடிவில் இருக்கும் அது துளைக்குள் இறுக இறுகத் துண்டை வெளிப்புறமாக விரிக்கிறது. ஏற்கெனவே இறுகியிருப்பது இன்னும் இறுகும். தவிர, முழு ஸ்குரூவே திருகு தாங்காமல் உடைந்த இடத்தில், அதன் பாதிப் பருமன்கூட இல்லாத கருவி எப்படித் தாங்கும்?

எனக்கு அது தாங்கவில்லை. 3 மி.மீ. துளையில் போட்ட ஈஸி அவுட் இரண்டாவது முறுக்கிலேயே மளுக்கென்று முறிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, எந்த டிரில் பிட்டும் அதன்மேல் ஏறாது. கடைசியில் மோல்டு, டை செய்கிற பட்டறை ஒன்றில் ஸ்பார்க் எரோஷன் மிஷினில் வைத்து எரித்தெடுக்க வேண்டியதாயிற்று. கோவையிலும் அம்பத்தூர் பக்கமும் அப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய உண்டு. உங்களுக்கும் அப்படி ஆகிவிட்டால் அதற்கு மேல் நோண்டாமல் நேரே அங்கே கொண்டுபோங்கள். மின்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரித்தெடுக்கும் முறை அது. கெட்டியான எஃகும் அதற்கு ஒன்றுதான்.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு வழி

சின்ன அலுமினியப் பாகத்தில் டேப்போ (மரை வெட்டும் கருவி) ஈஸி அவுட்டோ முறிந்து நின்றால் படிகாரம் உதவும். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அதேதான். வெந்நீரில் கரைகிற அளவு கரைத்து, பாகத்தை அதில் மூழ்க வைத்துச் சூட்டிலேயே வைத்திருந்தால் எஃகை அது மெல்ல மெல்லத் தின்னும். அலுமினியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். துண்டிலிருந்து நுண்ணிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். அது ஹைட்ரஜன், ஆகவே ஜன்னல் திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். கண்ணாடிப் பாத்திரமோ எனாமல் பாத்திரமோ போதும், சமையலுக்குத் திரும்ப வேண்டாம். மணிக்கணக்கில் ஆகும், சிலசமயம் நாள்கணக்கில். ஆனால் அது எஃகு எதையும் பாகுபாடு பார்க்காமல் கரைக்கும். ஸ்பிண்டிலும் ஸ்டட்டும் உள்ள கிராங்க் கேஸை அதில் போடக்கூடாது.

துளையைச் சரிசெய்து மறுபடி மாட்டுவது

துண்டு வந்தபிறகு மரையில் வெள்ளைப் பொடியும் துகளும் ஒட்டியிருக்கும். நேரே டேப் போட்டால் ஏற்கெனவே தேய்ந்த அலுமினியத்தை அது இன்னும் கொஞ்சம் வெட்டும். அதற்குப் பதில் அதே மரையுள்ள நல்ல ஸ்குரூவில் நெடுக இரண்டு வாய்க்கால் ஹேக்சா பிளேடால் வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்து, எண்ணெய் தொட்டுக் கையால் ஏற்றி இறக்குங்கள். அழுக்கு வாய்க்காலில் சேரும், உலோகம் போகாது.

புது ஸ்குரூவை ஏற்றி ஆட்டிப் பாருங்கள். பக்கத்துத் துளையில் ஆடுவதைவிட அதிகமாக ஆடினால், அல்லது இறுக்கும்போது வழுக்கினால் மரை போய்விட்டது. அப்போது ஹெலிகாயில், அதாவது துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி உள்ளே செருகுகிற கம்பிச்சுருள் மரை. அதற்கென்று உள்ள பிட், டேப், செருகும் கருவி மூன்றும் ஒரே பெட்டியில் வரும். உங்கள் மரை அளவுக்கு உரியதையே வாங்குங்கள். சுருள் மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். அடியில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்து, உடைந்த நாக்கை வெளியே எடுத்துவிட்டோம் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். அலுமினியத்தில் ஹெலிகாயில் போட்ட மரை பழையதைவிட உறுதியாகவே நிற்கும்.

பிறகு கேஸைக் கழுவுங்கள். டீசலில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, ஒவ்வொரு ஆயில் வழியிலும் காற்றடித்து. காந்தம் எஃகுத் துகளைத்தான் எடுக்கும், அலுமினியத் துகளை எடுக்காது. நான் ஆயில் வழிக்குள் டார்ச் அடித்து, வெள்ளைத் துணியில் சுற்றிய கம்பியை விட்டு இழுத்துப் பார்ப்பேன். துணியில் ஒரு மினுக்கல்கூட இருக்கக்கூடாது.

உடைந்த துளையின் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைபட்ட துளையில் திரவம் இருக்கும்போது ஸ்குரூவை ஏற்றினால் அது ஒதுங்க இடமில்லாமல் வார்ப்பையே பிளந்துவிடும். ஸ்குரூவின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். துளையின் ஆழத்தைக் கம்பி விட்டு அளந்து, பேக்கிங்கும் கவரும் சேர்ந்த பருமனைக் கணக்கிட்டு, அடியில் 2 மி.மீ.யாவது மிச்சமிருக்க வேண்டும். அதேசமயம் மரைக்குள் 10 மி.மீ.யாவது இறங்கவும் வேண்டும்.

மரையில் காப்பர் கிரீஸ் லேசாக ஒரு பூச்சு. அடுத்தமுறை திறக்கப் போகிறவர், நீங்களோ உங்கள் பிள்ளையோ, சிரமப்படாமல் திறப்பார். கிரீஸ் போட்ட ஸ்குரூவுக்கு அதே முறுக்கிலும் இழுவிசை கூடும், அதனால் ஒரு படி குறைவாகவே இறுக்குங்கள். இந்த அளவு ஸ்குரூவுக்கு அலுமினியத்தில் 8 நியூட்டன் மீட்டர் போதும். பழைய வெட்டுத்தலை ஸ்குரூகளை ஆலனாக (தலையில் அறுகோணக் குழியுள்ள ஸ்குரூவாக) மாற்றுகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஆலன் கீயின் நீளக் கை ஸ்குரூடிரைவரைவிடப் பலமடங்கு முறுக்கும். குட்டைக் கையைப் பிடித்து, மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள். எல்லா ஸ்குரூவையும் எதிரெதிராகச் சுற்றிவந்து, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இன்ஜினை ஓட்டி, நன்றாகச் சூடேறியபின் அணைத்து, முழுக்க ஆறியதும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். அன்று ராத்திரி டைமிங் கவருக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் சொட்டு இருந்தால், அது அந்தத் துளைக்கு நேரே விழுந்திருக்கிறதா அல்லது வேறு இடத்திலா என்று முதலில் பாருங்கள். துளைக்கு நேரே இருந்தால் அந்த ஒரு ஸ்குரூவை மட்டும் கழற்றி, மரையில் கொஞ்சம் சீலண்ட் தடவி மறுபடி மாட்டினால் போதும். வேறு இடமென்றால் பேக்கிங்கைப் பாருங்கள்.